ஆலத்தித் தட்டில் அப்பாவின் பெயர்

போன மாதம் நம் சங்கத்து மண்டபத்தில் ஒரு பெரிய மனிதருக்குச் சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, வாசலில் ஆலத்தியும் எடுத்தார்களே, அப்போது நான் எழுந்து வெளியே போனதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். “அக்காவுக்கு வெக்கை தாங்கல போல லா” என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. வெக்கையாவது மண்ணாவது! எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பேசுவதெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆலத்தித் தட்டைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஏன் என்று என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. நமக்கெல்லாம் எழுபது தாண்டிவிட்டது. இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள்.

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தாண்டி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்றால் நாங்கள் பால் வெட்டிய தோட்டம். சொந்தக்காரர் யார் என்று நாங்கள் கண்டதில்லை. முதல் உலகச் சண்டை நடந்த காலத்தில் அப்பா அங்கிருந்துதான் பஸ்ராவுக்குக் கப்பலேறினார். துப்பாக்கி பிடிக்க இல்லை. அங்கே பாலைவனத்தில் ரயில் தண்டவாளம் போட ஆள் எடுத்தார்கள், போனார். எனக்கு மூன்று வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. அவர் சட்டையில் காய்ந்துபோன ரப்பர் பாலின் புளிச்ச வாடை மட்டும் நினைவிருக்கிறது. அந்தச் சட்டையை அம்மா துவைக்காமல் நெடுநாள் வைத்திருந்தாள்.

முதலில் இரண்டு கடுதாசி வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. சண்டை முடிந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டாள். “அவரு வேற கூட்டத்துல இருந்தாருக்கா, எங்களுக்குத் தெரியல” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அம்மாவின் பாடு ரெண்டுங்கெட்டானாகிவிட்டது. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. அறுத்தவள் என்று யாரும் ஒதுக்கவில்லை. சுமங்கலி என்று யாரும் சேர்க்கவும் இல்லை. வளைகாப்பு வீட்டில் சந்தனக் கிண்ணம் சுற்றி வரும்போது அம்மாவை மட்டும் தாண்டிப் போய்விடும். பிறகு யாராவது, “அட, மறந்துட்டோம் லா” என்பார்கள். பூக்காரிகூட எங்கள் வீட்டு வாசலில் ஒரு நொடி தயங்கித்தான் கூப்பிடுவாள். கடுதாசி நின்றதிலிருந்து அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஏழு வயதானபோது, ஈப்போவுக்கு ஒரு தலைவர் வருகிறார் என்றார்கள். சண்டையை நடத்தி ஜெயித்துக் கொடுத்தவராம். எந்தச் சீமைக்காரர் என்று அப்போதும் எனக்குத் தெரியாது, பிறகும் நான் விசாரிக்கவில்லை. எங்களுக்கு வெள்ளைக்காரர் என்றால் எல்லோரும் ஒரே சீமைதான்.

காலையில் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையாக நிற்கும்போது ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே தமிழர் அவர்தான். தொரை சொல்வதை எங்களுக்கும், நாங்கள் சொல்வதைத் தொரைக்கும் சொல்கிற வாய் அவருடையது.

“டவுனே ஜோடிக்கிறாங்க. நம்ம தோட்டத்து சார்பா அஞ்சு பொம்பளைங்க ஆலத்தி எடுக்கணும்னு தொரை உத்தரவு” என்றார். நான்கு பேரைச் சொன்னார். முதலில் கங்காணியின் மனைவி. ஐந்தாவதாக அம்மாவைக் காட்டி, “சண்டைக்குப் போனவரு பொஞ்சாதி. அவுங்க கட்டாயம் வரணும்னு தொரையே சொல்லியிருக்காரு” என்றார்.

கங்காணியின் மனைவி அந்த இடத்திலேயே இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “நல்லாருக்கு ஐயா உங்க நாயம்! அவ புருசன் இருக்கானா இல்லையான்னே தெரியல. அவ கையால ஆலத்தி சுத்தினா வெளங்குமா? அந்தத் தலைவருக்குத்தான் ஆகுமா?”

அம்மா பால் வாளியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். கிராணி அவளைப் பார்த்தார், தொரையைப் பார்த்தார். தொரை ஒன்றும் புரியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்காரு” என்றார் கிராணி. “இல்லேன்னு உங்களுக்கு யாரு வந்து சொன்னா? சும்மா வாய வச்சுக்கிட்டு இருங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அன்று அம்மா வேலை முடிந்து வந்து தலை முழுகினாள். பூக்காரியை அவளே கூப்பிட்டு இரண்டு முழம் வாங்கினாள். எனக்கும் வைத்துவிட்டாள். “இருக்காராம்டி, கிராணி ஐயாவுக்கு தெரிஞ்சிருக்குடி” என்று என் பின்னந்தலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஈப்போ பாடாங் மைதானத்தை அன்று பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தென்னங்குருத்துத் தோரணம், கலர் கொடி, பேண்டு வாத்தியம். ஒரு பந்தலில் பச்சைத் துணி விரித்த நீள மேசை. அதன் மேல் அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பரிசுகள். வரவேற்புப் பத்திரத்தைச் சுருட்டி வைத்த வெள்ளிப் பேழை, தந்தப் பிடி போட்ட கிரிஸ் கத்தி, ஈயச் சுரங்கத்துச் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள் கொண்டுவந்த பூவேலைப் பட்டு. தோட்டத் துரைமார்கள் ரப்பரிலேயே பெரிய முத்திரை ஒன்று செய்து வைத்திருந்தார்கள். உச்சி வெயிலில் அது நாற ஆரம்பித்தது. துரைசானிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் ஐந்து பெண்களுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை; தினமும் அந்த நாற்றத்தில் கிடப்பவர்கள் நாங்கள்தானே!

வந்தவர் கிழவர். நான் கிரீடம், வாள் எல்லாம் எதிர்பார்த்திருந்தேன். கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு, எப்போது உட்காரலாம் என்று பார்க்கிற ஒரு கிழவர். யார் யாரோ நீளமாகப் படித்தார்கள். அவர் தலையாட்டி வாங்கி வாங்கிப் பின்னால் நின்றவனிடம் கொடுத்தார்.

ஆலத்தி எடுக்க எங்கள் ஆட்கள் போனபோது ஒரு துரைசானி கத்தியே விட்டாள். தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைப் பார்த்து, ரத்தம் என்று நினைத்தாளோ, தலைவர் மேல் ஊற்றப் போகிறார்கள் என்று நினைத்தாளோ! கங்காணியின் மனைவி அதெல்லாம் சட்டை பண்ணவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி, விரலில் தொட்டு, கிழவர் நெற்றியில் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது.

அப்புறம் தொரை, அம்மாவை மட்டும் முன்னால் வரச் சொன்னார். ஒரு அட்டை உறையிலிருந்து வட்டமான வெண்கலத் தட்டு ஒன்றை எடுத்துக் கிழவரிடம் கொடுத்தார். காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீங்கான் தட்டு அளவு. நல்ல கனம். ஒரு பக்கம் ஒரு பெண் உருவம், ஒரு சிங்கம், சுற்றி எழுத்து. கிழவர் அதை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டி, மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்னங்கய்யா சொல்றாரு?” என்று அம்மா கிராணியைக் கேட்டாள்.

கிராணி தட்டின் விளிம்பைப் படித்தார். “உங்க புருசன் பெரிய வீரராம். அவரு பேரு போட்டு ராஜாவே இத அனுப்பியிருக்காராம்.”

அம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. “எப்ப வாராருன்னு கேளுங்கய்யா” என்றாள். “இவுரு பெரியவரு, இவுருக்கு தெரியுமில்ல? எப்ப அனுப்பி வைப்பாங்கன்னு கேளுங்க.”

கிராணி கிழவர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிழவர் தலையைக் குனிந்து வணங்கினார். “அவருக்குத் தெரியாதாம்மா” என்று கிராணி சொன்னார். எங்களைத் தள்ளிக்கொண்டு பந்தலுக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார்.

தோட்டம் திரும்புவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. புருஷன் இருக்கிறான், ராஜா தட்டு அனுப்பியிருக்கிறார்! லயமே எங்கள் வீட்டு வாசலில் நின்றது. தட்டு கைமாறிக் கைமாறிப் போனது. மோந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். கங்காணியின் மனைவி, நம்ப மாட்டீர்கள், அவளே வந்து அம்மா நெற்றியில் குங்குமம் வைத்தாள். “மனசுல வச்சுக்காத தங்கச்சி” என்றாள். கெட்டிக்காரி. அடுத்த மாதம் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். “அந்த ராசாத் தட்டக் கொண்டா, அதுலயே ஆலத்தி எடுத்துருவோம்” என்று கேட்டு வந்தாள்.

ஆரம்பித்தது அப்படித்தான். தட்டின் நடுவில் வெற்றிலை, அதன் மேல் சூடம். எல்லாப் பெண்களும் சாதாரணத் தாம்பாளத்தில் எடுக்க, அம்மா கடைசியாக இந்தத் தட்டில் எடுப்பாள். அது ராசியான தட்டு என்று பெயராகிவிட்டது. தஞ்சோங் மாலிம் பக்கத்திலிருந்துகூட ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் ரயிலேறி வந்து அம்மாவைக் கூட்டிப் போனார்கள். சந்தனக் கிண்ணம் இப்போது முதலில் அம்மாவிடம்தான் வரும். அம்மா சிரித்தாள். சடை பின்னும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள். எழுத்தெல்லாம் மஞ்சளும் சூடப் புகையும் ஏறி மூடிப்போனது. எப்படியிருந்தாலும் படிக்க எங்களில் ஆள் இல்லை.

கிராணிதான் கெட்டார். ஆள் பாதியாக இளைத்தார். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “பிள்ளைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போடுவோம்மா. என் வீட்டம்மா புள்ளைங்களோட ஈப்போவுலதான் இருக்கா. வார நாள்ல இது அங்கயே இருக்கட்டும்” என்றார். எதற்கு இந்த அக்கறை என்று அம்மாவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. எதை மறைத்தாரோ அதைப் படிக்கிற கண்ணை எனக்குத் திறந்துவிட்டவரும் அவரேதான்! குற்றம் செய்த மனசு சில நேரம் இப்படித்தான் தன் குழியைத் தானே தோண்டும் போலிருக்கிறது.

மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் போனது. எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருந்தேன். மறுநாள் அடுத்த வீட்டு அக்காவுக்குக் கல்யாணம். அம்மா பால் வெட்டப் போகும்போதெல்லாம் என்னை இடுப்பில் வைத்துத் திரிந்த அக்கா அது. அம்மா தட்டை என் கையில் கொடுத்து, “புளி போட்டு நல்லா தேச்சு வையிடி” என்றாள்.

குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தேன். மஞ்சள் போகப் போக எழுத்துத் தெரிந்தது. முதலில் அப்பாவின் பெயர். கோணல்மாணலாக, ஒரு எழுத்து அதிகமாகப் போட்டு, ஆனால் அப்பாவின் பெயர்தான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். விளிம்பில் சுற்றி இருந்ததையும் எழுத்துக் கூட்டினேன். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரிந்த சொல். மிஷன் பள்ளியில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்தது. ஏசு சிலுவையில் இறந்தார் என்கிற பாடத்தில் வரும். வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று மறுபடியும் மறுபடியும் கூட்டினேன். மாறவில்லை.

ஈரக் கையோடு ஆபீசுக்கு ஓடினேன். கிராணி மேசையில் தனியாக இருந்தார். தட்டை முன்னால் வைத்து, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தொரை அன்னிக்கி ‘விடோ’ன்னுதான் சொன்னாரு பாப்பா” என்றார். “அதுக்கு நம்ம பாஷையில இருக்கிற வார்த்தைய பெரட்டுல நின்னு உங்கம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. அறுத்தவள ஆலத்தி எடுக்க வைக்க முடியாதுன்னு தொரைக்கும் எடுத்துச் சொல்லத் தைரியம் இல்ல. பொஞ்சாதின்னு மாத்திட்டேன். மறுநாள் சொல்லிரலாம்னு வந்தேன். உங்கம்மா சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல? நீயும் சொல்லாத பாப்பா. ஒன்னக் கும்பிடறேன்.”

பெரிய மனிதர் ஒருவர் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கை கூப்பினார். நான் தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்லக் கூடாது என்றுதான் வீட்டுக்கு வந்தேன்.

காலையில் மேளச் சத்தம் கேட்டது. அம்மா சிவப்புச் சேலை கட்டி, பூ வைத்து, சூட டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்கு அந்த அக்காவின் முகம் கண்ணில் வந்தது. செத்தவர் பெயர் மேல் சூடம் ஏற்றி அவளுக்குச் சுற்றப் போகிறார்களே, அவள் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நானும் அந்த லயத்துப் பிள்ளைதானே, எனக்கும் அதே பயம்தானே இருக்கும்!

“அம்மா, இந்தத் தட்ட எடுத்துட்டுப் போகாத” என்றேன்.

“ஏன்டி?”

“இதுல செத்துட்டாருன்னு போட்டிருக்கு.”

“யாரு?”

“அப்பா பேருதான் போட்டிருக்கு.”

அம்மா கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். தட்டை வாங்கி மடியில் வைத்தாள். எழுத்தை விரலால் தடவினாள்.

“தேதி போட்டிருக்கா?” என்றாள்.

இரண்டு பக்கமும் பார்த்தேன். “இல்லம்மா.”

“வருசம்?”

“இல்ல.”

“எந்த ஊருன்னு?”

“அதுவும் இல்ல.”

“இவ்ளோ எழுதத் தெரிஞ்சவனுக்கு ஒரு தேதி எழுதத் தெரியலியா?” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “திதி தெரியாம எப்படிடி நான் கருமாதி பண்றது? எந்த நாளுன்னு வச்சு நான் தாலிய எறக்கறது?”

நான் அழுதேன். வெளியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்: “அக்கா, வாங்கக்கா! பொண்ணு மணையில உக்காந்தாச்சு!”

அம்மா கண்ணைத் துடைத்தாள். குங்குமத்தைத் தொடவில்லை. எழுந்து வாசல்வரை போய், “கை வலிக்குதுமா. தூக்க முடியல. வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லு” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் ஆலத்தி எடுக்கவில்லை. யாரிடமும் காரணமும் சொல்லவில்லை. தேதி இல்லாததால் தாலியையும் இறக்கவில்லை. கல்யாண வீட்டில் அவளாகவே பின்கட்டுக்குப் போய் வெங்காயம் உரிப்பாள். வருந்தி வருந்திக் கூப்பிட்டவர்கள் கொஞ்ச நாளில் சலித்துப்போனார்கள். “வெள்ளக்காரன் கையால தட்டு வாங்கின திமிரு” என்று கங்காணியின் மனைவி ஆரம்பித்து வைத்தாள். அம்மா அதையும் கேட்டுக்கொண்டாள்.

கிராணி ஒரே ஒரு முறை வந்தார். வாசலிலேயே நின்றார். அம்மா கோப்பி கலந்து கொடுத்தாள். “அன்னிக்கி பாடாங்குல, அவரு எப்ப வருவாருன்னு அந்தப் பெரியவர்கிட்ட கேட்டீங்களாய்யா?” என்றாள்.

“கேக்கலம்மா. நீங்க நன்றி சொல்றதா சொன்னேன்.”

“சரி” என்றாள் அம்மா. அவர் கோப்பியைக் குடிக்காமலே போனார்.

தட்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஜப்பான்காரன் வந்தபோது, இங்கிலீஷ் எழுத்துப் போட்ட சாமான் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அம்மா அதை லயத்துக்குப் பின்னால் புதைத்தாள். தோட்டமே இப்போது இல்லை. பெரியவளான பிறகு, அம்மா அந்தத் தட்டில் ஆலத்தி எடுத்த பெண்களை ஒவ்வொருவராக விசாரித்துப் பார்த்திருக்கிறேன், என் மனசு கேட்காமல். இரண்டு பேர் புருஷனை ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். எந்தத் தட்டும் எடுக்காத வீடுகளிலும் அந்தக் கணக்கு அப்படித்தான் இருந்தது. அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம். ஈப்போவில், கிராணி வீட்டு முற்றத்தில் பந்தல். தாலி கட்டி முடிந்தது. ஆலத்திக்குத் தட்டு வந்தது, புதுத் தாம்பாளம். எடுக்க யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பின்கட்டுக்கு ஓடினேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி. நெற்றியில் குங்குமம்.

“எனக்கு நீதாம்மா எடுக்கணும்” என்றேன். “எது ஆனாலும் ஆகட்டும். நீ வா.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் மாலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“கை வலிக்குதுடி” என்றாள்.

உலகத்தில் அந்த வலி பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். என்னிடமும் அதையேதான் சொன்னாள். கிராணியின் மனைவிதான் எனக்கு ஆலத்தி எடுத்தார்.